லிஸ்பனில் இரண்டு நாள்: மஞ்சள் கருவும் லவங்கப்பட்டையும்

வடா பாவ் சாப்பிடாமல் மும்பையில் ஒரு மாதம் தள்ளிய தமிழர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்தச் சின்னப் பொட்டலத்தில் இரண்டு போர்த்துகீசியச் சொற்கள் இருக்கின்றன. 'பாவ்' என்பது அவர்கள் ரொட்டிக்கு வைத்த பெயர். உருளைக்கிழங்கை மராத்தியில் 'படாடா' என்கிறோம். லிஸ்பன் காய்கறிக் கடையிலும் அது படாடாதான். சரி, அது மராத்திக்காரர் விஷயம் என்று விட்டுவிட முடியாது. வீட்டுக்கு வந்து சாவி போட்டுத் திறந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, அலமாரியில் மாட்டுகிறோம். சாவி, ஜன்னல், பொத்தான், அலமாரி நான்கும் கப்பலேறி வந்த சொற்கள். பீப்பாய், கோப்பை, இஸ்திரி, மேஸ்திரி, ஆயா, அன்னாசி, பிஸ்கோத்து எல்லாம் அதே வழி. நாம் குடியிருக்கும் மும்பைத் தீவுகளே 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தில் போர்த்துகீசிய இளவரசி கேத்தரினுக்குச் சீதனமாக எழுதி, இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்குக் கைமாறியவை.

இவ்வளவும் வந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது. என் மனைவிக்கு இல்லை. அவளுக்கு இருந்தது வேறு கவலை.

நான் டிப்ளமா முடித்து 1980ல் ரயில்வேயில் சேர்ந்து, 38 வருடம் பெர்மனென்ட் வே பிரிவில் தண்டவாளத்தோடு குப்பை கொட்டியவன். 2018ல் ஓய்வு. டோம்பிவிலியில் வாசம். மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் முனிக் நகரில் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் கடைசியில் அவர்களிடம் போயிருந்தோம். மாப்பிள்ளை, "மாமா, லிஸ்பனுக்கு மலிவு விலையில் டிக்கெட் கிடைத்தது. வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பிவிடலாம்" என்றார். நவம்பர் 10 முதல் 12 வரை. பஞ்சாங்கம் பார்க்காமல் எடுத்த டிக்கெட். ஞாயிறு 12ஆம் தேதிதான் தீபாவளி.

"நல்ல நாளும் அதுவுமா ஊர் சுத்தணுமாங்க? அங்கே இனிப்புன்னு நான் எதைத் தொடறது?" என்றாள். கேள்வியில் நியாயம் இருந்தது. நான் சர்வீசில் கேம்ப் போகிற இடங்களில் முட்டைக்குப் பழகியவன். அவள் கேக்கைக்கூட முட்டை இல்லாதது என்று கடைக்காரர் சத்தியம் செய்தால்தான் வாயில் வைப்பாள். லிஸ்பன் இனிப்புகளோ முட்டையின் மஞ்சள் கருவாலேயே கட்டப்பட்டவை. பொட்டுக்கடலை மாவு உருண்டை ஒரு டப்பாவும், விமானத்தில் அனுமதிக்கும் 100 மில்லி அளவுக்குள் நல்லெண்ணெய் ஒரு குப்பியும் கைப்பையில் ஏறின.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக பெலேம் போனோம். நகரத்துக்கு மேற்கே தேஜோ ஆறு கடலோடு கலக்கப் போகும் இடம். வாஸ்கோ ட காமா 1497ல் புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். ஆற்றுக்கு எதிரே ஜெரோனிமுஸ் மடாலயம் வெள்ளைக் கல்லில் நீண்டு கிடக்கிறது. 1501ல் தொடங்கி முடிக்க நூறு வருடம் ஆயிற்று. கல் தூண்களில் கப்பல் கயிறும் முடிச்சும் செதுக்கியிருக்கிறார்கள். செலவுக்குப் பணம்? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின் மேல் நூற்றுக்கு ஐந்து என்று வரி போட்டார்கள். சரக்கில் முக்கியமானது நம் மலபார் மிளகு. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 1498 என்று மனப்பாடம் செய்த ஆசாமி இங்கே கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார்.

இந்த மடாலயத்திலிருந்து நாலெட்டு நடந்தால் அந்தப் பேர்பெற்ற இனிப்புக் கடை. கதை இப்படி. 1820ல் போர்ச்சுகலில் தாராளவாதப் புரட்சி. அதைத் தொடர்ந்த சண்டை சச்சரவுகளுக்குப் பிறகு, 1834ல் துறவியர் மடங்களை மூடி அரசு சொத்துக்களை எடுத்துக்கொண்டது. பிழைப்புக்காக மடாலயத்தைச் சேர்ந்தவர்கள் பக்கத்திலிருந்த சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் தங்கள் இனிப்பைக் கொடுத்து விற்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1837ல் கடை முறையாகத் தொடங்கியது. பக்குவம் இன்று வரை ரகசியம். பூட்டிய ஓர் அறைக்குள் மாவும் பாகும் தயாராகிறது. விவரம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நாளொன்றுக்கு 20,000 வரை விற்கிறதாம். இந்த ஒரு கடையில் செய்வதை மட்டுமே 'பெலேம் பஷ்தைஷ்' என்று சொல்லலாம். ஊரெல்லாம் மற்றவர்கள் செய்யும் அதே பண்டத்துக்கு 'பஷ்தெல் த நாட்டா' என்று பெயர். 'நாட்டா' என்றால் பாலாடை. எங்கள் திருநெல்வேலியில் அல்வாக் கடைகள் எத்தனையோ இருக்க, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கடை வாசலில் மட்டும் வரிசை நிற்கும். அதைக் கண்டவர்களுக்கு இந்த வரிசை புதிதாகத் தெரியாது.

பண்டம் உள்ளங்கைக்குள் அடங்குவது. சிறு கிண்ணம் மாதிரி ஓர் ஓடு. அதற்குள் மஞ்சள் நிறக் கூழ். மேலே அங்கங்கே கருகிய புள்ளிகள். வெண்ணெயை மைதா மாவுக்குள் மடித்து மடித்துத் தேய்த்து, பாய் போலச் சுருட்டி, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தகர அச்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஓரத்துக்கு ஏற்றுகிறார்கள். சுருளை வெட்டிய முகம் கீழே இருப்பதால் வெந்ததும் அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாக வரி தெரியும். நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே ஊற்றுவது பால், சர்க்கரைப் பாகு, கொஞ்சம் மாவு, நிறைய மஞ்சள் கரு. அடுப்பு சுமார் 300 டிகிரி இருக்க வேண்டும். சூடு குறைந்தால் ஓடு மொறுமொறுப்பாவதற்குள் கூழ் கெட்டிப்பட்டு ரப்பராகிவிடும். சூடு சரியாக இருந்தால் மேல்பக்கம் கருகும்போது உள்ளே இன்னும் தளதளவென்று இருக்கும். கடித்தால் ஓடு சத்தம் போட வேண்டும். சுடச்சுட வாங்கி, மேசையில் வைத்திருக்கும் லவங்கப்பட்டைத் தூளையும் சர்க்கரைத் தூளையும் தூவிச் சாப்பிடுகிறார்கள். அப்போது ஒன்று ஒன்றரை யூரோவுக்குள் இருந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன். பேரன் மூன்று. என் மனைவி நீல ஓடு பதித்த சுவரைப் பார்த்தபடி கறுப்புக் காப்பி குடித்தாள்.

ஏன் இவ்வளவு மஞ்சள் கரு? அவள்தான் கேட்டாள். கொஞ்சம் எரிச்சலாகவே.

அதற்கு அங்கே சொல்லும் காரணம் ஒரு கழிவுப் பொருள் கணக்கு. கன்னியர் மடங்களிலும் துறவியர் மடங்களிலும் அங்கிகளுக்கும் தலைத்துணிக்கும் விறைப்பாகக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்கள். நாம் வேட்டிக்குச் சோற்றுக் கஞ்சி போடுவதில்லையா, அப்படி. திராட்சை மதுவின் கலங்கலைத் தெளிய வைக்கவும் வெள்ளைக் கரு தேவை. மிச்சமாகும் மஞ்சள் கருவைக் கொட்டவா முடியும்? சர்க்கரையோடு சேர்த்துக் கிண்டினார்கள். அதில் பிறந்த இனிப்புகளுக்கு நூறு பெயர். 'தேவதையின் தாடைச் சதை' என்று ஒன்று, 'கன்னியாஸ்திரீயின் தொப்பை' என்று ஒன்று. 'சொர்க்கத்துப் பன்றிக்கொழுப்பு' என்று ஒன்று உண்டு. அதில் பழைய முறைப்படி நிஜமாகவே பன்றிக்கொழுப்பு சேரும். சைவர்கள் கவனிக்கவும். மஞ்சள் கருவை மெல்லிய தாரையாகக் கொதிக்கும் பாகில் ஊற்றி இடியாப்பம் போல நூல் நூலாக எடுப்பது இன்னொன்று. அது போர்த்துகீசியக் கப்பல்களோடு தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் போய் அங்கேயே குடியேறிவிட்டது.

முட்டை மிச்சம் என்பது சரி. சர்க்கரை மிச்சமில்லையே. 15ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஐரோப்பாவில் சர்க்கரை என்பது மருந்துக் கடையில் நிறுத்து விற்கிற சாமான். போர்த்துகீசியர் மதேய்ரா தீவில் கரும்பு போட்டார்கள். பிறகு ஆப்பிரிக்கக் கரையோரம் சாவ் தொமே தீவில். அதன் பிறகு பிரேசிலில். எல்லா இடத்திலும் வெட்டியதும் பிழிந்ததும் காய்ச்சியதும் அடிமைகள். பிரேசிலுக்கு மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோனார்கள். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888ல்தான். மடங்களில் மஞ்சள் கருவுக்குச் சரிக்குச் சரி சர்க்கரை கொட்ட முடிந்தது அந்த உழைப்பால். சர்க்கரைக்கு அவர்கள் மொழியில் 'அசூக்கர்'. அரபியிலிருந்து அவர்களுக்கு வந்தது; அரபிக்குப் போனது நம் நாட்டுச் 'சர்க்கரா'. வடா பாவ் கணக்கில் நாம் பட்ட கடனில் ஒரு சொல்லாவது கழியும்.

மேலே தூவுகிற பட்டை இன்னும் பக்கத்துச் சங்கதி. நல்ல மெல்லிய லவங்கப்பட்டை விளைவது இலங்கையில். 1505ல் அங்கே கால் வைத்த போர்த்துகீசியர், கரையோர மக்களிடம் பட்டையைக் கட்டாயமாக வாங்கிக் குவித்தார்கள். பட்டைக்காகப் போன படை பிறகு நாட்டுக்காக நின்றது. 1619ல் யாழ்ப்பாணத் தமிழ் அரசு அவர்கள் கையில் முடிந்தது. கடைசி அரசரான சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1658ல் டச்சுக்காரர் வந்து இவர்களைத் துரத்தினார்கள். பட்டைத் தூள் டப்பா ஒவ்வொரு மேசையிலும் உப்புக் குப்பி மாதிரி சாதாரணமாக நிற்கிறது. யாரும் அதை இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

இதைவிட என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று அதே பெலேமில் உண்டு. தமிழ் மொழி முதன்முதலாக அச்சில் ஏறியது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அல்ல, லிஸ்பனில். 1554ல். கிறிஸ்தவ மந்திரங்களைச் சொல்லித் தரும் சின்னப் புத்தகம். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் போர்த்துகீசியப் பொருளைச் சேர்த்து அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'; அது 1578ல் கொல்லத்தில். லிஸ்பன் புத்தகம் அதற்கு 24 வருடம் மூத்தது. அதைத் தமிழில் ஆக்கித் தந்தவர்கள் மூவர். விசெந்தே த நசரே, ஜோர்ஜ் கர்வாலியோ, தொமே த குரூஸ். பெயர்கள் போர்த்துகீசியம், ஆட்கள் தமிழர்கள். அன்றைக்குக் கப்பல் பிரயாணம் ஆறு மாதத்துக்குக் குறையாது. ஜெரோனிமுஸ் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்த ஊர்த் தெருவில் மூன்று தமிழர்கள் உட்கார்ந்து 'இதற்குத் தமிழில் என்ன சொல்' என்று யோசித்திருக்கிறார்கள். வெளியூரில் இருந்துகொண்டு தமிழ்ப் பத்திரிகை போடுகிற நம் போன்றவர்களுக்கு அவர்கள் பாட்டன் முறை.

அந்தப் புத்தகத்தின் பிரதி ஜெரோனிமுஸ் மடாலயத்தின் ஒரு பகுதியிலேயே உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அருங்காட்சியகம் புதுப்பிப்பு வேலைக்காக 2022லேயே மூடப்பட்டிருந்தது. சாரத்தையும் தடுப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். "பூட்டின கதவுக்கு முன்னால எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்று மனைவி கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மதியத்துக்கு மேல் நகரின் நடுப்பகுதி. லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துப் போக வேண்டும். நடுவில் மட்டும் கோடு போட்டாற்போல நேர்த் தெருக்கள். காரணம் 1755 நவம்பர் 1. அன்று காலை சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்குத் தேவாலயங்கள் நிறைந்திருந்தபோது பூமி குலுங்கியது. பின்னால் கடல் பொங்கியது. விழுந்த மெழுகுவர்த்திகளால் நகரம் நாள்கணக்கில் எரிந்தது. பிறகு அமைச்சர் பொம்பால் தெருக்களைப் புதிதாக அளந்து போட்டார். சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் கூண்டு மாதிரி கட்டி, அதன் மேல் பூசினார்கள். மாதிரி ஒன்றைச் செய்து அதைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்க வைத்து, ஆடுகிறதா என்று சோதித்ததாகச் சொல்வார்கள். எனக்கு இனிப்பைவிட இதுவே இனித்தது என்றால் ரயில்வேக்காரன் புத்தி என்று கொள்ளுங்கள்.

டிராம் விஷயத்தை விட்டால் என் கூட வேலை பார்த்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். 28ஆம் நம்பர் மஞ்சள் டிராம், 900 மில்லிமீட்டர் பாதையில், வீட்டுத் திண்ணையை உரசிக்கொண்டு மலை ஏறுகிறது. சில இடத்தில் ஏற்றம் 7க்கு 1 என்ற அளவை நெருங்கும். நம் போர் காட் ஏற்றம் 37க்கு 1. அதற்கே பின்னால் தள்ளுவதற்கு எஞ்சின் வைக்கிறோம். நீலகிரி ரயில் 12.5க்கு 1, அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. இங்கே பல்லும் இல்லை, கயிறும் இல்லை. இரும்புச் சக்கரம் இரும்பைப் பிடித்து ஏறுகிறது. வழுக்கினால் மணல் தூவுவார்கள். வேறு சில தெருக்களில் கயிற்று வண்டிகள் உண்டு: ஒரே கம்பிவடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு வண்டி, ஒன்று இறங்க மற்றது ஏறும். 1885ல் தொடங்கிய குளோரியா வண்டியில் நாங்களும் ஏறி இறங்கினோம். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி அதே வண்டியில் கம்பிவடம் கழன்று 16 பேர் இறந்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, பேரன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

டிராமை விட்டு இறங்கினால் தெருவெல்லாம் புகை. நவம்பர் 11 அங்கே புனித மார்ட்டின் திருநாளாம். அன்று செஸ்நட் கொட்டையைச் சுட்டுத் தின்பது ஊர் வழக்கம். தள்ளுவண்டியில் கரியடுப்பு, அதன் மேல் பானை. கொட்டையைக் கீறிவிட்டுக் கல்லுப்போடு வறுக்கிறார்கள். தோல் சாம்பல் பூத்து வெள்ளையாகிவிடும். டஜன் 3 யூரோ. காகிதக் கூம்பில் போட்டு நீட்டியதை என் மனைவி ஒன்றை உரித்து வாயில் போட்டாள். "ஏங்க, சுட்ட பலாக்கொட்டைங்க!" என்றாள். அதேதான், கொஞ்சம் இனிப்பு தூக்கல். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் பார்த்தேன். இரண்டாவது கூம்பும் வாங்கினோம்.

ஞாயிறு விடியலில் நல்லெண்ணெய்க் குப்பி காலியாயிற்று. விடுதியில் வெந்நீர் தாராளம். மாவு உருண்டையோடு தீபாவளியை வரவேற்றுவிட்டு, ரோசியோ நிலையத்துக்குப் போய் சிந்த்ராவுக்கு ரயில் பிடித்தோம். 1890ல் திறந்த நிலையம். முகப்பு வாசல்கள் குதிரை லாட வடிவம். கீழ்த்தளத் தெருவிலிருந்து மேலே ஏறினால் பிளாட்பாரம். வண்டி கிளம்பியதும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். போர்ச்சுகலின் முதல் ரயில் ஓடியது 1856ல். நம் பம்பாய் தாணா ரயிலுக்கு மூன்று வருடம் இளையது. தண்டவாள அகலம் 1668 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! கான்கிரீட் ஸ்லீப்பரில் நாம் 1673 வைத்துப் போடுகிறோம் என்பதால் அதுவும் ஐந்தாகிவிடுகிறது. முப்பத்தெட்டு வருடம் அளந்த கண்ணுக்கு, பிளாட்பாரத்தில் நின்று குனிந்து பார்த்தபோது கல்யாண் யார்டு மாதிரியே இருந்தது. மற்ற ஐரோப்பாவில் பெரும்பாலும் 1435 பார்த்து, அளவு சுருங்கின சட்டை போட்டுக்கொண்டது போல உணர்ந்தவன் நான்.

சிந்த்ராவில் மலை மேல் அரண்மனைகள். நேரமில்லாததால் வெளியிலிருந்து கும்பிடு. 1862ல் தொடங்கிய ஒரு கடையில் 'திரவேசேய்ரு', அதாவது தலையணை என்ற பெயரில் ஒரு பண்டம்: அடுக்கடுக்கான மேல்தோல், உள்ளே பாதாமும் மஞ்சள் கருவும் கிண்டிய விழுது. பிரமாதம். 'கெய்ஜாடா' என்று இன்னொன்று. பாலாடைக்கட்டி, சர்க்கரை, பட்டை, முட்டை. அதுவும் முட்டை. கூட வந்தவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மிச்ச செஸ்நட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

மகள்தான் பிற்பகலில் லிஸ்பன் ராதாகிருஷ்ணன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்குள்ள இந்துக்களில் பெரும்பாலோர் குஜராத்திகள். டையூ பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் மொசாம்பிக்குக்குப் பிழைக்கப் போனவர்கள். 1975ல் மொசாம்பிக் விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்து கிளம்பி லிஸ்பனுக்கு வந்தார்கள். கோயில் 1998ல் திறந்தது. சைவச் சாப்பாட்டுக் கூடமும் உண்டு. தீபாவளிக் கூட்டம் நெரிந்தது.

அங்கே ஒரு மூதாட்டி என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். மும்பை என்றதும் குஜராத்தியில் ஆரம்பித்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் குஜராத்தி அண்டை வீட்டாரோடு பழகியதால் என் மனைவிக்கும் ஓடும். அம்மையார் பிறந்தது மொசாம்பிக்கில். இந்தியாவுக்கு இரண்டே முறை வந்திருக்கிறாராம். பேச்சு எப்படியோ இனிப்புக்கு வந்து, பாகுப் பதத்துக்கு வந்தது. அந்த அம்மாள் சின்ன வயதில் போர்த்துகீசியப் பள்ளிக்கூடத்தில் சமையல் கற்றவர். அவர்கள் பாகுக்கு வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விரலை மடக்கிச் சொன்னார். முதலில் 'போன்து த ஃபியு', நூல் பதம். பிறகு முத்துப் பதம். பிறகு 'சாலைப் பதம்'. அது என்ன சாலை? கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் பாகு உடனே மூடிக்கொள்ளாமல் வழி விட்டு நிற்க வேண்டும், அதுதான் சாலை. நூல் பதத்தைக் குஜராத்தியில் 'ஏக் தார்' என்கிறோம் என்று அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்துக் காட்ட, என் மனைவி அதே இரண்டு விரலைப் பிரித்து, "நாங்க கம்பிப் பதம்னு சொல்வோம்" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாளுக்கு மொழி பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு எவர்சில்வர் டப்பா திறந்தது. மோகன்தால். கடலை மாவு, நெய், சர்க்கரை, ஏலக்காய். முட்டைக்கு இடமே இல்லை. இரண்டு துண்டு அங்கேயே தின்று, நான்கு துண்டு கைக்குட்டையில் வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு நம் மாவு உருண்டை டப்பாவோடு போயிற்று. நான் எனக்கென்று ஒதுக்கிய இரண்டும் அதற்குள்தான் இருந்தன.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். முட்டை தொடாதவர்கள் 'சைங் ஓவுஷ்' என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். முட்டை இல்லாமல் என்று பொருள். பஷ்தெல் ஓட்டில் சில கடைகள் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. அதையும் விசாரிப்பது நல்லது. 'அரோஷ் தோஸ்' என்று பட்டைத் தூளால் கோலம் போட்ட அரிசிப் பாயசம் கிடைக்கும். பார்த்தால் நம் பாயசம், ஆனால் பல வீடுகளில் மஞ்சள் கரு கலப்பார்கள். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. பெலேம் கடையில் வெளியே நீள்வது பொட்டலம் கட்டி வாங்கும் வரிசை. உள்ளே பெரிய பெரிய கூடங்கள் இருக்கின்றன, நேரே போய் உட்காரலாம்.

பயமில்லாமல் வாங்கக்கூடியது 'மர்மெலாடா'. சீமை மாதுளை என்று சிலர் சொல்லும் குவின்ஸ் பழத்தைச் சர்க்கரையோடு கிண்டி வில்லையாக உறைய வைத்தது. பழமும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லை. ஆங்கிலேயர் ஆரஞ்சில் செய்து பாட்டிலில் அடைக்கிற மார்மலேடுக்கு இதுதான் பெயர் கொடுத்தது. கத்தியால் அல்வா போலத் துண்டு போடலாம். நாங்கள் வாங்கிய அரைக் கிலோ முனிக் போய், டிசம்பரில் மும்பை வந்து, பொங்கல் வரைக்கும் கெடாமல் இருந்தது. புளிப்பும் இனிப்புமாகச் சப்பாத்திக்கு நன்றாக இருக்கிறது.